ஒரே வியாபாரியை நம்பிய தோட்டம்

பட்டிமன்றத் தலைப்பு: நாட்டின் ராணுவச் செலவால் ஊர் வாழுமா? வாடுமா?
இடம்: ஓடைப்பட்டி, தேனி மாவட்டம்
'வாடும்' அணியின் இரண்டாவது பேச்சு

எனக்கு முன்னால பேசிட்டு, இந்த ஊருக் கைதட்டலை எல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிற எதிரணித் தம்பி அவர்களே! (சிரிப்பு) மேகமலைக் காத்துக்கும் அசராம முந்தானையைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கிற ஓடைப்பட்டித் தாய்மார்களே! பெரியோர்களே! வீட்டிலே சாப்பாட்டுத் தட்டோட டி.வி. முன்னால உட்கார்ந்திருக்கிற அன்பு நெஞ்சங்களே!

தம்பி பேசி முடிக்கிறப்ப என்னைப் பார்த்து ஒரு கேள்வி போட்டாரு. "ராணுவச் செலவால ஊர் வாடும்னு பேச வந்திருக்கீங்களே, உங்களுக்கு நாட்டுப்பற்று இல்லையா?" அப்படின்னு. நீங்களும் கைதட்டினீங்க. ஐயா, ராணுவம் வேணுமா வேண்டாமாங்கிறது இன்னைக்குத் தலைப்பே இல்லை. வீட்டுக்குப் பூட்டு வேணுமான்னு கேட்டா, எந்தப் பொம்பளையாவது வேண்டாம்னு சொல்லுவாளா? நல்ல பூட்டா, கெட்டியான பூட்டா வாங்கணும். ஆனா ஒண்ணு. வீட்டுக்கு எத்தனை பூட்டு வேணும்னு வீட்டுக்காரி முடிவு பண்ணணுமா, பூட்டுக் கடைக்காரர் முடிவு பண்ணணுமா? (சிரிப்பு) கடைக்காரரைக் கேட்டா, "அம்மா, அஞ்சறைப் பெட்டிக்கும் ஒண்ணு போட்டுருவோம்"னு சொல்லுவாரு! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

இதுதான் என் பேச்சு. நாட்டைக் காக்கிறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு செலவு பண்ணணும். ஆனா அந்தச் செலவை ஊர்ப் பிழைப்புக்கு வழின்னு நினைச்சு, "எங்க ஊருக்கு ஒரு தொழிற்சாலை, எங்க தொகுதிக்கு ஒரு ஆர்டர்"னு கேட்க ஆரம்பிச்சா, அந்த ஊரும் வாடும், அந்த ஊரு எம்.பி.யும் வாடுவாரு. எப்படின்னு சொல்லுறேன்.

முதல்ல கணக்கு. 2025-26 பட்ஜெட்டிலே பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒதுக்கினது எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய். நமக்குக் கோடின்னாலே தெருக்கோடிதான் தெரியும்! (சிரிப்பு) அதனால சின்னதா சொல்லுறேன். ஒரு நாளைக்கு 1,866 கோடி. நீங்க காலையிலே கண்ணு முழிச்சு, ராத்திரி கண்ணு மூடி, மறுநாள் காலையிலே முழிக்கிறதுக்குள்ள 1,866 கோடி.

இந்தப் பணம் எங்கே போகுது? நூறு ரூபாய்னு வச்சுக்குங்க. ஏறத்தாழ 26 ரூபாய் விமானம், கப்பல், பீரங்கி மாதிரிப் புதுச் சாமான் வாங்க. ஏறத்தாழ 24 ரூபாய் ஓய்வு பெற்றவர்களுக்குப் பென்ஷன். மிச்சம் பாதி, இப்ப வேலை பார்க்கிறவங்க சம்பளம், சாப்பாடு, எரிபொருள், பழுது பார்க்கிற செலவு இப்படிப் போகுது. இந்தக் கணக்கை மனசுல வச்சுக்குங்க. பின்னால இதுக்கே திரும்பி வருவேன்.

தம்பி ஆவடியைச் சொன்னாரு. நானும் ஆவடிக்கே வர்றேன். 1955 ஜனவரியிலே காங்கிரஸ் மாநாடு நடந்த ஊரு அது. சமதர்மப் பாணியிலே சமுதாயம் அமைப்போம்னு அங்கேதான் தீர்மானம் போட்டாங்க. அதுக்கப்புறம், காமராஜர் முதலமைச்சரா இருந்தப்ப, 1961-லே அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை வந்துச்சு. 1965-லே முதல் விஜயந்தா டாங்கி அங்கே இருந்து வெளியே வந்துச்சு. சீருடை தைக்கிற தொழிற்சாலை, டாங்கிக்கு என்ஜின் செய்யிற தொழிற்சாலை, ஆராய்ச்சி நிலையம் எல்லாம் அங்கே இருக்கு. பக்கத்துல அம்பத்தூர்ப் பட்டறைகளுக்கும் வேலை கிடைச்சுச்சு. ஆயிரக்கணக்கான குடும்பம் அந்தச் சம்பளத்துல பிள்ளைகளைப் படிக்க வச்சுச்சு. 2019-லே ஆவடி மாநகராட்சியாவே ஆயிருச்சு. இதெல்லாம் உண்மை. நான் மறைக்க மாட்டேன்.

நடுவர்: அம்மா, நீங்க எந்த அணியிலே பேசுறீங்கன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு! (சிரிப்பு)

இருங்கய்யா. கொடி படர்ந்ததைச் சொன்னேன். இனிமேதான் வாடினதைச் சொல்லப் போறேன். (சிரிப்பு)

ஓடைப்பட்டியிலே நின்னுக்கிட்டு திராட்சையைப் பத்திப் பேசாமப் போனா இந்த மண்ணு என்னை மன்னிக்காது. விதையில்லாத் திராட்சைன்னா ஓடைப்பட்டின்னு பேரு. அங்கிட்டு கம்பம் பக்கம் பன்னீர்த் திராட்சை, அதுக்கு 2023-லே புவிசார் குறியீடே கிடைச்சிருச்சு. நான் உங்களையே கேட்கிறேன். பந்தல் போட்டு, கவாத்துப் பண்ணி, மருந்தடிச்சு, கண்ணும் கருத்துமா வளர்க்கிறீங்க. பழம் பழுத்துருச்சு. வாங்க ஒரே ஒரு வியாபாரிதான் வர்றாரு. வேற ஆளே கிடையாது. விலையை யாரு சொல்லுவா?

(கூட்டத்திலிருந்து குரல்: வியாபாரிதான்!)

ஆங்! அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. விலையை அவர் சொல்லுவாரு. எடையை அவர் சொல்லுவாரு. "இன்னைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பார்ப்போம்"னும் அவரே சொல்லுவாரு. அதுக்குள்ள ஒரு மழை விழுந்தா பழம் வெடிச்சுப் போகும். பழத்தைப் பரணிலே தூக்கி வைக்க முடியுமா? தோட்டம் உங்களுது, உழைப்பு உங்களுது, கடன் உங்களுது. ஆனா முடிவு மட்டும் அவருது.

ஆவடிக்கு அந்த ஒரே வியாபாரி யாரு? ராணுவம். டாங்கியை வேற யாரு வாங்குவா? நம்ம வாங்கி மாட்டுக் கொட்டகையிலே நிறுத்த முடியுமா? (சிரிப்பு) அர்ஜுன் டாங்கிக் கதையைக் கேளுங்க. அந்தத் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது 1974-லே. 124 டாங்கி வேணும்னு முதல் ஆர்டர் வந்தது 2000-த்துலே. 26 வருஷம்! அன்னைக்குப் பிறந்த பிள்ளை, கல்யாணம் முடிச்சுக் கையிலே பிள்ளையோட நிக்கும்! (சிரிப்பு) சரி, 2010-லே இன்னும் 124 வாங்குறோம்னு சொன்னாங்க. சொன்னாங்க. ஒப்பந்தத்துலே கையெழுத்து எப்ப ஆச்சு? 2021 செப்டம்பர். 124-ங்கிறது 118 ஆயி, 7,523 கோடி ரூபாய்க்கு ஆர்டர் வந்துச்சு. சொல்லுக்கும் கையெழுத்துக்கும் நடுவுலே 11 வருஷம்.

ராணுவத்து மேலே நான் குறை சொல்லலை. தனக்குத் தோதான டாங்கி வரட்டும்னு அவங்க காத்திருக்கிறது நியாயம். எல்லையிலே உட்காரப் போறவன் அவன்தானே! அந்தத் தொழிற்சாலையிலே வேற மாடல் டாங்கி வேலையும் நடந்துச்சு, இல்லைங்கலை. ஆனா இந்த ஒரு டாங்கிக்குன்னே ஒரு உதிரிப் பாகம் செய்யக் கடன் வாங்கி மெஷின் போட்ட சின்னப் பட்டறைக்காரர் இருந்தா, அந்த 11 வருஷம் வட்டிக்காரரு காத்திருப்பாரா? "ஐயா, ராணுவம் யோசிச்சுக்கிட்டு இருக்கு"ன்னு சொன்னா வட்டியைத் தள்ளுபடி பண்ணுவாரா? (கைதட்டல்)

இன்னொண்ணு கேளுங்க. ஒரு ஊருலே அவ்வளவு பெரிய தொழிற்சாலை இருந்தா, சொத்து வரியாவது கொட்டும்னு நினைப்பீங்க. நம்ம அரசியல் சட்டத்துலே 285-ஆவது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. மத்திய அரசுச் சொத்துக்கு உள்ளாட்சி வரி போட முடியாது. சேவைக் கட்டணம்னு ஒண்ணு கேட்டு வாங்கிக்கலாம், அவ்வளவுதான். தண்ணிக் குழாய், ரோடு, சாக்கடைன்னு ஊரு பெருத்த செலவு உள்ளூரு எம்.எல்.ஏ. தலையிலேயும் நகராட்சி தலையிலேயும். மாப்பிள்ளை பெரிய இடந்தான், ஆனா மளிகைச் செலவு மாமனாருது! (பலத்த சிரிப்பு)

சரி, ஆர்டர் தாமதமானா என்ன, வேலை நிரந்தரம் இல்லையான்னு தம்பி கேட்பாரு. அதையும் பார்ப்போம். தமிழ்நாட்டுலே படைக்கலத் தொழிற்சாலை ஆறு. ஆவடியிலே மூணு, திருச்சியிலே ரெண்டு, நீலகிரியிலே அருவங்காடு ஒண்ணு. இந்தியா முழுக்க 41. எல்லாம் அரசாங்கத் துறை. இதைக் கம்பெனியா மாத்தக் கூடாதுன்னு 2019 ஆகஸ்ட் 20-ஆம் தேதி தொழிலாளிகள் ஒரு மாச வேலைநிறுத்தம்னு ஆரம்பிச்சாங்க. பேச்சுவார்த்தை நடந்து சில நாளிலே நிறுத்தி வச்சாங்க. 2021-லே வேலைநிறுத்தத்தையே தடை பண்ணுற மாதிரி அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டம் வந்துச்சு. ஒரு வருஷத்துக்குன்னு போட்ட சட்டம். அதே 2021 அக்டோபர் 1-ஆம் தேதி 41 தொழிற்சாலையும் ஏழு கம்பெனியா பிரிஞ்சிருச்சு. டாங்கிக் கம்பெனிக்குத் தலைமை ஆவடியிலேயே. ஆனா அதே ஆவடியிலே இருக்கிற சீருடைத் தொழிற்சாலைக்கும், திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலைக்கும் தலைமை கான்பூருக்குப் போயிருச்சு. அருவங்காட்டுக்குத் தலைமை புனேயிலே.

கம்பெனியானது நல்லதா கெட்டதான்னு நான் தீர்ப்பு சொல்ல வரலை. அதுக்கு வேற பட்டிமன்றம் போட்டுக்கலாம். நான் கேட்கிறது ஒண்ணுதான். இந்த ஊருகளோட தலையெழுத்தை எழுதினது யாரு? ஆவடி மக்களா? அருவங்காட்டு மக்களா? அவங்க எம்.எல்.ஏ.வா? எம்.பி.யா? யாரும் இல்லை. ஒரே வியாபாரியை நம்பின தோட்டம், வியாபாரி கடையை மாத்தினா தானும் மாறணும்.

நடுவர்: அம்மா, அப்ப ஆவடிக்காரங்க தொழிற்சாலையே வேண்டாம்னு சொல்லுறாங்களா?

சொல்ல மாட்டாங்கய்யா! எப்படிச் சொல்லுவாங்க? சோறு போட்ட இடமாச்சே! அதுதான் சிக்கல். அந்த ஊரால வேண்டாம்னு சொல்ல முடியாது. அந்த ஊரு எம்.பி.யாலயும் சொல்ல முடியாது. இப்ப எம்.பி.கிட்ட வர்றேன்.

கொஞ்சம் கடல் கடந்து போயிட்டு வருவோமா? விசா நான் போட்டுத் தர்றேன்! (சிரிப்பு) அமெரிக்காவிலே ஒஹையோன்னு ஒரு மாகாணம். அதிலே லிமான்னு ஒரு ஊரு. அந்த நாட்டு ஆவடின்னு வச்சுக்குங்க. அங்கேயும் டாங்கித் தொழிற்சாலை. 2012-லே அந்த நாட்டு ராணுவத் தலைமைத் தளபதியே, "எங்களுக்கு இப்போதைக்குப் போதுமான டாங்கி இருக்கு. சில வருஷம் நிறுத்தி வைங்க. அந்தப் பணத்தை வேற தேவைக்குக் கொடுங்க"ன்னு சொன்னாரு. ராணுவமே வேண்டாங்குது. அங்கே இருக்கிற பார்லிமெண்டு என்ன பண்ணுச்சு? நூத்துக்கும் மேலான உறுப்பினருங்க, கட்சி வித்தியாசம் இல்லாம, டாங்கி வேலையை நிறுத்தக் கூடாதுன்னு கடிதத்துலே கையெழுத்துப் போட்டாங்க. கோடிக்கணக்கான டாலரை ஒதுக்கிட்டாங்க. ஏன்? லிமாவிலே மட்டும் இல்லை, உதிரிப் பாகம் செய்யிற பட்டறை பல தொகுதியிலே இருக்கு. தொழிற்சாலை மூடினா ஓட்டு போயிரும். சாப்பிடுறவன் போதும் போதும்னு இலையை மூடுறான். பரிமாறுறவன், "பாயசம் மிஞ்சிப் போயிரும், இன்னொரு கரண்டி"ன்னு ஊத்துறான்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அந்த நாட்டுலே வேண்டாத ராணுவ முகாமை மூடுறதுக்குள்ள படாத பாடு பட்டாங்க. பத்து வருஷத்துக்கு மேலே பெரிய முகாம் எதையும் மூட முடியலை. எந்த முகாம் பேரைச் சொன்னாலும் அந்தத் தொகுதிக்காரர் எந்திரிச்சு நிப்பாரு. கடைசியிலே 1988-லே அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. தனி கமிஷன் போட்டு, அது ஒரு பட்டியல் தயாரிக்கும். அந்தப் பட்டியலை மொத்தமா ஏத்துக்கணும், இல்லைன்னா மொத்தமா தள்ளணும். நடுவுலே ஒரு ஊரைப் பிடுங்கக் கூடாது. அப்புறந்தான் மூட முடிஞ்சுச்சு. யோசிச்சுப் பாருங்க. நாட்டுக்கு எது நல்லதுன்னு முடிவு பண்ண அனுப்பின ஆளு, தன் கையைத் தானே கட்டிப் போட்டாத்தான் நல்லதைச் செய்ய முடியுதுன்னா, அந்தப் பணம் அவரை எப்படிக் கட்டிப் போட்டிருக்கு! ஐசன்ஹோவர் போர்க்களத்திலே தளபதியா இருந்து ஜனாதிபதியானவரு. அவரே 1961 ஜனவரியிலே பதவியை விட்டுப் போறப்ப, ராணுவமும் ஆயுதத் தொழிலும் சேர்ந்து நாட்டுலே செலுத்துற செல்வாக்கைக் குறிச்சு எச்சரிச்சுட்டுத்தான் போனாரு. சொன்னது சாமியாரு இல்லைங்க, தளபதி! (கைதட்டல்)

அது அந்த ஊரு வியாதி. நம்ம ஊரு வியாதி வேற. அங்கே உறுப்பினருங்க ராணுவச் செலவைப் பத்தி அளவுக்கு மீறிப் பேசுறாங்க. இங்கே பல வருஷம் வாயே திறக்கிறதில்லை! மக்களவையிலே கில்லட்டின்னு ஒரு முறை இருக்கு. பேர் பயமா இருக்குல்ல? நேரம் முடிஞ்சிருச்சுன்னா, விவாதிக்காத மானியக் கோரிக்கை எல்லாத்தையும் மொத்தமா சேர்த்து ஓட்டுக்கு விட்டு நிறைவேத்திருவாங்க. 2018 மார்ச்சிலே எல்லா அமைச்சகத்துக் கோரிக்கையும் விவாதமே இல்லாம இப்படித்தான் நிறைவேறுச்சு. 2023 மார்ச்சிலேயும் அதேதான். அந்த 2023-24 வருஷத்துக்கு ராணுவத்துக்கு ஒதுக்கினது 5 லட்சத்து 94 ஆயிரம் கோடி. அந்தக் கோரிக்கை மேலே அவையிலே விவாதம் நடக்கலை. பாதுகாப்புத் துறைக்குன்னு நிலைக்குழு இருக்கு, அது உட்கார்ந்து பார்க்குது, அறிக்கை கொடுக்குது. அதை நான் மறுக்கலை. ஆனா நம்ம ஓட்டுப் போட்டு அனுப்பின சபையிலே?

ஏங்கத்தா, அரைக்கிலோ கத்திரிக்காய் வாங்குறதுக்கு நீங்க எத்தனை நேரம் பேரம் பேசுவீங்க? (சிரிப்பு) சொத்தை இருக்கான்னு ஒவ்வொண்ணாத் திருப்பிப் பார்ப்பீங்க. கடைசியிலே கொசுறா கறிவேப்பிலையும் கேட்பீங்க! (பலத்த சிரிப்பு) இத்தனை லட்சம் கோடிக்கு ஒரு கொசுறுக் கேள்வி கூடக் கிடையாதா?

நீங்க கேள்வி கேட்கத் தெரியாத ஊருக்காரங்களா? பொட்டிப்புரத்து மலையிலே நியூட்ரினோ ஆய்வகம் கட்டப் போறோம்னு 2015 ஜனவரியிலே மத்திய அமைச்சரவை 1,500 கோடிக்கு ஒப்புதல் கொடுத்துச்சு. அது ராணுவத் திட்டம் இல்லை. ஆனா தண்ணி என்ன ஆகும், மலை என்ன ஆகும், எங்களுக்கு என்ன லாபம்னு இந்த மாவட்டம் எத்தனை கேள்வி கேட்டுச்சு! யார் சொன்னது சரிங்கிறது வேற விஷயம். கேட்டீங்கல்ல? அந்தக் கேள்வியிலே பாதியை ராணுவ பட்ஜெட்டுக்கும் கேளுங்கன்னுதான் நான் சொல்லுறேன். (கைதட்டல்)

தம்பி அடுத்து என்ன சொன்னாரு? "தமிழ்நாட்டுலே பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்திருக்கு. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சி. நம்ம தேனி அதிலே இல்லை. எம்.பி.யைப் பிடிச்சு உலுக்குங்க"ன்னு சொன்னாரு. 2019 ஜனவரியிலே திருச்சியிலே தொடங்கி வச்ச திட்டம் அது. தம்பி, அந்த அஞ்சு ஊரையும் கொஞ்சம் உத்துப் பாருங்க. கோயம்புத்தூருக்காரங்க ராணுவத்தை நம்பியா தொழில் பண்ணுறாங்க? பம்ப்செட் செய்யிறாங்க, மில் மெஷின் செய்யிறாங்க, கிரைண்டர் செய்யிறாங்க. ராணுவ ஆர்டர் வந்தா அதையும் செய்யலாம். வராட்டியும் பட்டறை ஓடும். பத்து வியாபாரியிலே பதினோராவது வியாபாரியா ராணுவம் வரட்டும். கும்பிட்டு வரவேற்போம். அந்த ஊரு வாடாது. ஒண்ணும் இல்லாத இடத்துலே, திராட்சைப் பந்தலைப் பிரிச்சுட்டு, ஒத்தை வியாபாரிக்காக ஒரு தொழிற்சாலை கட்டினா, நம்ம பேரப்பிள்ளைக டெல்லியிலே எப்பக் கையெழுத்து ஆகும்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு உட்காரணும். மழைக்கு வானத்தைப் பார்க்கிறது போதாதா நமக்கு? (பலத்த கைதட்டல்)

அப்ப ராணுவப் பணம் ஓடைப்பட்டிக்கு வரவே இல்லையா? வருது. இப்பத்தான் நான் முதல்லே சொன்ன நூறு ரூபாய்க் கணக்குக்கு வர்றேன். தொழிற்சாலையா வரலை. சம்பளமா, பென்ஷனா வருது. இந்தப் பள்ளத்தாக்கிலே ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பின வீடு எத்தனை இருக்கு! பனியிலே நின்னு சம்பாதிச்சு, ஊருக்குத் திரும்பி, பென்ஷன்லே தங்கச்சியைக் கட்டிக் கொடுத்து, ஒரு குழி நிலம் வாங்கினவங்க எத்தனை பேரு! ஆயுதக் கம்பெனிக்குப் போற பணம் எந்த ஊருக்குப் போகும்னு தெரியாது. பென்ஷன் பணம் உள்ளூருக் கடையிலேதான் செலவாகும். அதிலே எந்த எம்.பி. சிபாரிசும் கிடையாது.

அந்த ஒரே வாய்க்காலிலேயும் 2022 ஜூன் 14-ஆம் தேதி மடையை மாத்திட்டாங்க. அக்னிபாத் திட்டம். நாலு வருஷ வேலை. நாலு வருஷம் கழிச்சு நூத்துக்கு அதிகபட்சம் 25 பேருக்குத்தான் தொடர்ந்து வேலை. மிச்சப் பேரு 11 லட்சத்து 71 ஆயிரம் அளவுக்கு ஒரு தொகையை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வரணும். அதிலேயும் பாதி அந்தப் பிள்ளை தன் சம்பளத்திலே பிடிச்சுக் கொடுத்த பணம். பென்ஷன் கிடையாது. படையிலே இளமை வேணும், பென்ஷன் பாரம் ஏறிக்கிட்டே போகுதுன்னு இதுக்கு ஆதரவாச் சொல்லுறவங்களும் இருக்காங்க. அதிலேயும் நியாயம் இருக்கலாம். ஆனா இவ்வளவு பெரிய மாத்தம் பார்லிமெண்டிலே ஒரு சட்டமா வந்து, விவாதிச்சு, ஓட்டெடுத்து வந்துச்சா? இல்லையே! அமைச்சரவை முடிவாத்தான் வந்துச்சு.

விடியக்காலம் அஞ்சு மணிக்கு இந்த ரோட்டுலே ஓடுற பயகளைப் பாருங்க. மூச்சிரைக்க ஓடுறான். அவன் எல்லைக்கு ஓடுறான், நாலு வருஷம் கழிச்சு எங்கே ஓடுவான்? 2023 ஜனவரியிலே ராணுவத்துலே பயிற்சிக்குச் சேர்ந்த முதல் அணிக்கு, நாலு வருஷக் கணக்குப் பார்த்தா 2027. அப்ப இருபத்து சொச்சம் வயசிலே வீட்டுக்கு வர்ற பிள்ளைக்கு என்ன வழி? இது ஓடைப்பட்டிக் கேள்வி. இது உத்தமபாளையத்துக் கேள்வி. இதைக் கேட்காம, "எங்களுக்கு ஒரு டாங்கித் தொழிற்சாலை கொடு"ன்னு கேட்டா, கையிலே இருக்கிற பிள்ளையை விட்டுட்டுக் கோயில் யானைக்கு வாழைப்பழம் ஊட்டின கதைதான்! (சிரிப்பு, கைதட்டல்)

(மணி ஒலிக்கிறது)

நடுவர்: அம்மா, மணி அடிச்சாச்சு. முடிவுக்கு வாங்க.

வந்துட்டேன்யா. இந்த மணியும் அந்தக் கில்லட்டின் மாதிரியே இருக்கு! (பலத்த சிரிப்பு) ஒரே நிமிஷம்.

திருவள்ளுவர் பொருட்பாலிலே அதிகாரங்களை எந்த வரிசையிலே வச்சாருன்னு பாருங்க. 74-ஆவது அதிகாரம் நாடு. 75-ஆவது அரண். 77-ஆவது படைமாட்சி. நடுவிலே 76-ஆவதா என்ன வச்சாரு? பொருள் செயல்வகை! முதல்லே நல்ல நாடு. அதுக்குக் காவலா அரண். அப்புறம் பொருளை நியாயமாச் சேர்க்கிற வழி. அதுக்கு அப்புறந்தான் படை. படைக்கு முன்னால கணக்கு வருது. படையை வச்சு ஊரைப் பிழைக்க வைன்னு அவர் வரிசைப்படுத்தலை. பிழைக்கத் தெரிஞ்ச நாடு, தன்னைக் காக்கப் படை வச்சுக்கும்னுதான் வரிசைப்படுத்தியிருக்காரு. (பலத்த கைதட்டல்)

அதனால ஓடைப்பட்டி மக்களே, அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு உங்க தெருவுக்கு வர்ற வேட்பாளர் எந்தக் கட்சியா இருந்தாலும் சரி, மூணே மூணு கேள்வி கேளுங்க. ஒண்ணு, ராணுவ மானியக் கோரிக்கை வர்ற அன்னைக்கு நீங்க சபையிலே இருப்பீங்களா, பேசுவீங்களா? ரெண்டு, நாலு வருஷம் முடிச்சு வர்ற எங்க பிள்ளைக்கு என்ன வழின்னு எழுந்திரிச்சுக் கேட்பீங்களா? மூணு, இங்கே எந்தத் தொழிற்சாலை வந்தாலும், அதுக்கு ரெண்டாவது வியாபாரி யாருன்னு கேட்டுட்டுக் கொண்டு வருவீங்களா?

இந்த மூணுக்கும் பதில் சொல்லுறவரு நாட்டையும் காப்பாரு, நம்ம வீட்டையும் காப்பாரு. அப்படிக் கேட்கத் தெரியாத வரைக்கும், எத்தனை லட்சம் கோடி ஒதுக்கினாலும் ஊரு வாடத்தான் செய்யும், வாடத்தான் செய்யும் என்று கூறி, நல்ல தீர்ப்பை எங்கள் பக்கம் தருமாறு நடுவர் ஐயாவைக் கேட்டுக்கொள்கிறேன்.

(நீண்ட கைதட்டல்)